என் முகம் எனக்கு வேண்டும்

உப்சாலா
6 பிப்ரவரி 1989

அம்மாவுக்கு,

கை நடுங்குகிறது. சுருக்கமாக எழுதுகிறேன். போன் எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறை கிடைத்தது. அளவு சரி.

ஒரு செய்தி. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கிசோஃப்ரினியா உள்ளவர்களின் மூளையைப் படம் எடுக்கிறார்கள். முன்பெல்லாம் செத்த பிறகுதான் பார்ப்பார்கள். இது உயிரோடு. டாக்டர் குன்வோர் என்ற பெண் நடத்துகிறார். மாத்திரை மூளைக்குள் எங்கே போகிறது, எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரியுமாம். நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

இருபது வருஷமாக விழுங்குகிறேன். குரல்கள் போய்விட்டன. உண்மை. கூடவே என் முகமும் போய்விட்டது. போன வாரம், நான் இருக்கிற விடுதியில் பக்கத்து அறை ஸ்திக், செத்துப்போன தன் நாயைப் பற்றிச் சொல்லி அழுதான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. முகம் அசையவில்லை. "கல்லுடா நீ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

டாக்டர் ஒன்று கேட்டார். நீங்கள் என்னைச் சுமந்தபோது காய்ச்சல் ஏதும் வந்ததா? தெரிந்தால் எழுதுங்கள். இல்லையென்றாலும் சரி. நீங்கள் என்னைப் பார்க்க வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வரச் சொல்லி இதை எழுதவில்லை.

அர்விட்


கிரூனா
15 பிப்ரவரி 1989

அர்விட்,

"நீங்கள்", "உங்களுக்கு"ன்னு எழுதியிருக்கே. நான் என்ன வரி ஆபீஸா?

காய்ச்சல் வந்துச்சு. நாப்பத்தஞ்சாம் வருஷம் டிசம்பர். நீ வயித்துல. எழுந்திரிக்க முடியாமக் கிடந்தேன். உங்கப்பா சுரங்கத்துல வேலை முடிச்சு அப்படியே அழுக்குக் கையோட வந்து ஓட்ஸ் கஞ்சி வெச்சுக் குடுத்தார், அடிப்பிடிச்சுப் போயிருந்துச்சு. போதுமா உங்க டாக்டரம்மாவுக்கு? முன்னாடி ஒரு டாக்டர் என் வளர்ப்புல தப்புன்னார். இப்ப இவங்க வயித்துக்குள்ளயே தேடறாங்க. மடியில இருந்த பழியைத் தூக்கி வயித்துல வெச்சா எனக்கு என்ன லாபம்?

படம் எடுக்கறதுன்னா எடுத்துக்கோ. ஆனா மாத்திரையில கை வெக்காதே. உன் பேச்சு எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும். முகம் போச்சு, கை நடுங்குதுன்னு ஆரம்பிச்சா அடுத்தது "குறைச்சுக்கலாமா"தான். ஏரியில ஐஸ் உருகற மாசத்துல நீ நட்ட நடுவுல போய் நின்னது உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லியோ. எனக்கு இருக்கு. யாரோ கூப்பிடறாங்கன்னு போனே. மூணு ஆம்பளைங்க ஏணியைப் போட்டு, வயித்தால ஊர்ந்து வந்து உன்னை இழுத்தாங்க. கரையில நின்னு பார்த்தது நான்.

கல்லா இருந்தாலும் இருக்கேல்ல. அது போதும் எனக்கு.

அம்மா


உப்சாலா
2 மார்ச் 1989

அம்மாவுக்கு,

எந்த டாக்டர்? வளர்ப்பில் தப்பு என்று யார் சொன்னது, எப்போது சொன்னது? எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. முழுதாக எழுதவும்.

படம் எடுப்பது ஏப்ரலில். தலை அசையாமல் இருக்க, என் தலைக்கென்றே அளவெடுத்து மாவுக்கட்டில் ஒரு தொப்பி செய்தார்கள். ஈரமாக, கனமாக இருந்தது. "பயமா இருக்கா?" என்று டாக்டர் குன்வோர் கேட்டார். "பயமாத்தான் இருக்கு. என் முகத்துல தெரியாது, அதனால சொல்லிடறேன்" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், உள்ளுக்குள்.

அர்விட்


கிரூனா
12 மார்ச் 1989

அர்விட்டுக்கு,

கேட்டுட்டே, எழுதறேன். பத்து நாளா மேஜையில உட்கார்றதும் எழுந்திரிக்கறதுமா இருக்கேன்.

எழுபதாம் வருஷம். நீ முதல் தடவை சேர்ந்த அந்தப் பழைய மனநல ஆஸ்பத்திரி. உங்கப்பாவையும் என்னையும் உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சார் பெரிய டாக்டர். பைப் புகைச்சுக்கிட்டே பேசினார். உங்கப்பா தொப்பியை மடியில வெச்சுக்கிட்டு தரையையே பார்த்துக்கிட்டிருந்தார். டாக்டர் அவர்கிட்டதான் பேசினார். நான் பக்கத்துல இருக்கேன், ஆனா என்னைப் பத்தி வேற யாரோ மாதிரி பேசறார். "இந்த மாதிரி பிள்ளைங்களோட அம்மாக்கள் எல்லாம் ஒரே அச்சு. ஒரு கையால இழுப்பாங்க, ஒரு கையால தள்ளுவாங்க. உணர்ச்சி கிடையாது. பையன் மனசு அதுலதான் உடையுது. இனிமே அம்மா வராம இருக்கறதுதான் வைத்தியம்"னார்.

சுரங்கத்து உணவுக்கூடத்துல நானூறு பேருக்கு சமைச்சவ நான். யார்கிட்டயும் வாயை மூடிக்கிட்டு நின்னதில்ல. அன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "எவ்வளவு நாளைக்கு?"

"வரலாம்னு ஆனதும் சொல்லி அனுப்பறோம்"னார்.

நான் கேக்காம ஒரு தடவை வந்தேன். உனக்கு ஞாபகம் இருக்காது. "இவ என் அம்மா இல்ல, வெளிய அனுப்புங்க"ன்னு கத்தினே. நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையில, டாக்டர் சொன்னது சரிதான்னு நானே முடிவு பண்ணிட்டேன். நான் வந்தா உனக்கு கெடுதல்னா வராம இருக்கறதுதானே நான் செய்யக்கூடியது? அதனால காலுறை பின்னி அனுப்பினேன்.

அந்த ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. அந்த டாக்டர் செத்துப்போனதை பேப்பர்ல பார்த்தேன். சொல்லி மட்டும் யாரும் அனுப்பல.

அம்மா


உப்சாலா
24 ஏப்ரல் 1989

அம்மா,

உன் கடிதத்தை ஒரு மாதமாகச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். நீ வராததற்கு நான் வேறு காரணம் வைத்திருந்தேன். என்னைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது உனக்கு என்று நினைத்தேன். ஏரிக் கதை ஊர் முழுக்கத் தெரியுமே. அதனால்தான் "நீங்கள்" என்று எழுதினேன். இனி எழுத மாட்டேன்.

படம் எடுத்தாயிற்று. கை நடுக்கத்தோடு இரண்டு நாளாக இதை எழுதுகிறேன், அவசரப்படாமல் படி.

முதலில் காந்த இயந்திரத்தில் மூளையின் அமைப்பைப் பார்த்தார்கள். எல்லோர் மூளைக்கும் நடுவில் நீர் தேங்கி நிற்கும் அறைகள் உண்டாம். என்னுடையவை கொஞ்சம் பெரியவை. ஸ்கிசோஃப்ரினியா உள்ள பலருக்கு அப்படி இருக்கிறது. ஆனால் இதே அளவு அறைகளோடு ஒரு குறையும் இல்லாமல் தபால் பிரிக்கிற ஆளும் இருப்பான் என்றார் டாக்டர். படத்தை மட்டும் பார்த்து ஒருவனுக்கு நோய் என்று சொல்ல முடியாதாம். நூறு பேரை நூறு பேரோடு ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியுமாம்.

பிறகு மற்ற இயந்திரம். கதிர்வீச்சு உள்ள ஒரு திரவத்தைக் கீழ்த்தளத்தில் தயாரித்து, அது வீரியம் இழப்பதற்குள் ஓடி வந்து ஊசி போட்டார்கள். மாவுக்கட்டுத் தொப்பிக்குள் அசையாமல் கிடந்தேன். அசையாமல் கிடப்பதில் எனக்கு நல்ல பழக்கம்.

டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல டோபமைன் என்ற ரசாயனத்தைத் துப்புகிறது. அதை வாங்க அடுத்த நரம்பில் இருக்கைகள் மாதிரி இடங்கள் உண்டு. எனக்கு அந்தச் சேதி அளவுக்கு மீறிப் போகிறது என்பது அவர்கள் கணிப்பு. "இது முக்கியம், இது உனக்குத்தான்" என்று மூளை எல்லாவற்றையும் பார்த்துச் சொல்கிறது. கதவு சாத்துகிற சத்தத்துக்கும் அர்த்தம் வந்துவிடுகிறது. மாத்திரை அந்த இருக்கைகளில் முன்னாடியே போய் உட்கார்ந்து, சேதியைத் தடுக்கிறது. ஆனால் உடம்பை அசைக்கவும் இதே டோபமைன்தான் வேண்டும். முகத்தை அசைக்கவும்.

இரண்டு படங்களை விளக்குப் பலகையில் மாட்டினார். ஒன்று மருந்து சாப்பிடாத ஒருவருடையது. நடுவில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் நெருப்பு மாதிரி. காலி இருக்கைகளில் அந்தத் திரவம் உட்கார்ந்ததால் வந்த நிறம். அடுத்தது என்னுடையது. எல்லாம் நீலம். பொட்டு இருக்க வேண்டிய இடமே தெரியவில்லை. ஓர் இருக்கைகூடக் காலி இல்லை.

"எவ்வளவு அடைச்சாப் போதும்?" என்று கேட்டேன்.

"முக்கால்வாசிகூட வேண்டாம்னு தோணுது. உங்களுக்கு இருபது வருஷமா தேவைக்கு மேல கொடுத்திருக்காங்க, அர்விட். அப்ப யாராலயும் உள்ள எட்டிப் பார்க்க முடியல. கூட்டினா நல்லதுன்னு கூட்டிக்கிட்டே போயிட்டாங்க."

ஜூனிலிருந்து குறைக்கப் போகிறோம். படிப்படியாக, அவர் கண் முன்னால். ஏரியை நான் மறக்கவில்லை. ஐஸ் விரிசல் விடுகிற சத்தம்கூட ஞாபகம் இருக்கிறது. இருந்தும் குறைக்கிறேன். இருப்பது மட்டும் எனக்குப் போதவில்லை, அம்மா. என் முகம் எனக்கு வேண்டும்.

அர்விட்


கிரூனா
7 மே 1989

அர்விட்டுக்கு,

ரெண்டு பொட்டு, நீலம், இருக்கை எல்லாம் படிச்சேன். நாலு தடவை. நல்லா எழுதியிருக்கே. பள்ளிக்கூடத்துலயும் உனக்கு எழுத்து நல்லா வரும்.

ஆனா குறைக்காதே. டாக்டரம்மா நல்லவங்களாவே இருக்கட்டும். அந்த பைப்காரரும் நிச்சயமாத்தான் பேசினார், ஒரு சந்தேகம் இல்லாம. புதுசா ஒரு மிஷின் வந்ததும் அதை நம்பி உன்னை ஐஸ் மேல விடச் சொல்றியா? தப்பா போனா டாக்டருங்க அடுத்த படம் எடுப்பாங்க. எனக்கு இருக்கறது நீ ஒருத்தன்.

நீ பிடிவாதமா செய்யறதுன்னா செய். அதுக்கு நான் "சரி"ன்னு எழுத மாட்டேன்.

அம்மா


உப்சாலா
28 ஆகஸ்ட் 1989

அம்மா,

நீ பதில் போடாவிட்டாலும் நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இது மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டோடு இதை வைத்துப் பார், எழுத்து நேராகியிருக்கிறது. 'ஸ'வின் வளைவு மறுபடி வட்டமாக வருகிறது.

பாதி அளவுக்கு வந்துவிட்டோம். ஜூலையில் சட்டைப் பொத்தானை நானே போட்டேன். நடக்கும்போது கை தானாக வீசுகிறது, யாரோ என்னோடு கூட நடப்பது போல இருக்கிறது. நேற்று சாப்பாட்டு மேஜையில் ஸ்திக் ஊறுகாய் மீன் பாட்டிலைத் திறக்கப் போய் எல்லாம் அவன் மடியில் கொட்டியது. நான் சிரித்துவிட்டேன். முழு முகத்தோடு. எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்திக் மீன் வழியும் கால்சட்டையோடு நின்று, "டேய், உனக்குப் பல்லு இருக்குடா!" என்றான்.

கண்ணாடியில் பார்த்தேன். நாற்பத்து மூன்று வயதான ஒரு ஆள். கண்ணோரம் அப்பாவுக்கு இருந்த மாதிரி சுருக்கம்.

எல்லாம் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். தூக்கம் குறைந்திருக்கிறது. டாக்டரிடமும் சொன்னேன்.

அர்விட்


கிரூனா
20 செப்டம்பர் 1989

அர்விட்டுக்கு,

உன் மூணு கடுதாசியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். எழுத்து நேராத்தான் இருக்கு.

தூக்கம் குறையுதுன்னா டாக்டர்கிட்ட மறுபடி சொல்லு. அன்னிக்கும் முதல்ல தூக்கம்தான் போச்சு.

அம்மா


உப்சாலா
4 அக்டோபர் 1989

அம்மா,

உன் கடிதத்தில் ராஜாவின் தபால்தலை தலைகீழாக ஒட்டியிருந்தது. ஏன் என்று எனக்குப் புரிந்தது. நீ நேராக எழுத முடியாததை இப்படிச் சொல்லியிருக்கிறாய். கவலைப்படாதே, யாரிடமும் காட்டவில்லை.

மேல்மாடியில் நாற்காலி இழுக்கிறார்கள். ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம், இரண்டு இழுப்பு. நான் கேட்காத மாதிரி இருக்கிறேன். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்திக் ஊறுகாய் மீனை வேண்டுமென்றேதான் கொட்டியிருக்கிறான், நான் சிரிக்கிறேனா என்று சோதிக்க. அந்தச் சிரிப்பை யாருக்கோ அனுப்பிவிட்டார்கள்.

இதை எழுதும்போதே இன்னொரு பக்கம் எனக்குத் தெரிகிறது. இது டோபமைன் பேசுவது. கதவுச் சத்தத்துக்கு அர்த்தம் வருவது. தெரிகிறது, ஆனாலும் நாற்காலி நிற்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. யாரைப் பிடித்துக்கொள்வது?

அர்விட்


கிரூனா
9 அக்டோபர் 1989

அர்விட்,

தபால்தலையை தலைகீழா ஒட்டினது கண்ணாடி போடாததால. வேற ஒரு அர்த்தமும் இல்ல. மேல்மாடிக்காரன் நாற்காலி இழுக்கறது உட்கார்றதுக்கு. மீன் கொட்டினது மூடி இறுக்கமா இருந்ததால.

"இது டோபமைன்"னு எழுதியிருக்கே பாரு, அந்த வரியைப் பிடிச்சுக்கோ. அதை எழுதினவன்தான் நீ. அவனைக் கூட்டிக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போ. நாளைக்குன்னு சொல்லாதே.

விடுதிக்கு போன் போட்டேன், நீ போன் பக்கம் வர மாட்டேன்னு ஸ்திக் சொன்னான். உன் பக்கத்துலயே இருக்கச் சொல்லியிருக்கேன். கோவிச்சுக்காதே அவன்மேல, அழுதுட்டான்.

இந்தக் கடுதாசி முந்துதோ நான் முந்தறேனோ தெரியாது. பெட்டி கட்டிட்டேன். மத்தியான ரயில். யாரும் சொல்லி அனுப்பல. நான் வரேன்.

அம்மா


உப்சாலா
12 நவம்பர் 1989

அம்மா,

நீ ஊர் போய்ச் சேர்ந்த அட்டை கிடைத்தது. ரயிலில் காபி மோசம் என்று எழுத ஓர் அட்டையா?

நீ இங்கே இருந்தபோது கேட்டாய், நான் பதில் சொல்லவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே எப்படி ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று. எனக்கு அப்போது வாய் திறந்தால் யாராவது கேட்பார்கள் என்று பயம். இப்போது சொல்கிறேன். நாற்காலிச் சத்தம் பற்றிய என் கடிதத்தைப் பெட்டியில் போட்டு ஐந்து நாள் கழித்து, ஒரு சாயங்காலம் ஸ்திக்குக்குத் தெரியாமல் போய் ஆற்றுப் பாலத்தில் நின்றேன். கூப்பிட்டார்கள். ஏரியில் கூப்பிட்ட அதே ஆட்கள். கீழே தண்ணீர் ஓடுகிறது, குதி என்று சொல்லவில்லை, வா என்றுதான் சொன்னார்கள், அன்பாக. அப்போது என் முகம் நனைந்திருந்தது. மழை இல்லை. அழுதுகொண்டிருந்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவை என் பயம் என் முகத்துக்கு வந்திருந்தது. எதிரே சைக்கிளில் வந்த ஒரு பெண் அதைப் பார்த்து இறங்கி, "என்னங்க ஆச்சு? எங்க போகணும்?" என்று கேட்டாள். டாக்டர் குன்வோரின் பெயரைச் சொன்னேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட வந்தாள், வாசல் வரை.

என் முகம் கல்லாக இருந்திருந்தால் அவள் கடந்து போயிருப்பாள். இதை டாக்டரிடம் சொன்னேன். மருந்தைப் பழைய அளவுக்கே ஏற்றிவிடலாம் என்று வார்டில் மற்ற டாக்டர்கள் சொன்னபோது, நான் கேட்டது இதுதான்: ஒரு படி ஏற்றுங்கள், பொறுத்துப் பாருங்கள், படத்தை மறுபடி எடுங்கள். நீ அப்போது நடைபாதை பெஞ்சில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய். நர்ஸ் உன்னிடம் "பார்வையாளர் நேரம் முடிஞ்சுது, டாக்டர் அனுமதி இருக்கா?" என்று கேட்டதும், "பத்தொம்பது வருஷமா அதுக்குத்தாம்மா காத்துக்கிட்டிருந்தேன், இனிமே முடியாது" என்று நீ சொன்னதும் எனக்கு உள்ளே கேட்டது. முதலில் அதுவும் ஒரு குரல் என்றுதான் நினைத்தேன்.

புதுப் படம் வந்துவிட்டது. மங்கலாக இரண்டு பொட்டுகள். டாக்டர் விரல் வைத்துக் காட்டினார். சிவப்பு இல்லை, மஞ்சள். சில இருக்கைகள் காலியாக இருக்கின்றன. நாற்காலிச் சத்தம் வெறும் நாற்காலிச் சத்தம். குரல்கள் முழுதாகப் போகவில்லை. காலையில் கொஞ்சம் முணுமுணுப்பு. அதோடு நான் வாழ்ந்துகொள்வேன் என்று சொல்லிவிட்டேன். கைநடுக்கமும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். பொத்தான் போட முடிகிறது.

குறைத்தது சரிதானா என்று நீ மறுபடி கேட்பாய். இந்த அளவு எனக்குச் சரி. இதைக் கண்டுபிடிக்கப் பாலம் வரை போக வேண்டியிருந்தது, அது சரியில்லை. இரண்டையும் சொல்லிவிட்டேன்.

அர்விட்


கிரூனா
3 டிசம்பர் 1989

அர்விட்டுக்கு,

பாலத்தைப் பத்தி படிச்சுட்டு அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்துட்டேன். திட்டணும்னு பேனா எடுத்தேன், வரல. இனிமே தூக்கம் போச்சுன்னா எனக்கு எழுதாதே. டாக்டர்கிட்ட ஓடு, அப்புறம் எழுது. இதுல பேச்சே கிடையாது. மருந்து அளவை நீ பார்த்துக்கோ. நான் இனி அதுல வாய் வெக்கல. "சரி"ன்னு எழுத மாட்டேன்னேன், இப்ப எழுதறேன். சரி.

டாக்டரம்மாகிட்ட கடைசி நாள் நான் தனியா பேசினதை நீ கேட்டுக்கிட்டே இருந்தே. சொல்றேன். அந்தக் காய்ச்சலைப் பத்தித்தான் கேட்டேன். "அப்ப அதனாலதானா?"ன்னேன். அவங்க நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு நேர் எதிர்ல உட்கார்ந்தாங்க. "தெரியாது. அந்தக் குளிர்காலத்துல ஆயிரக்கணக்கான பேருக்குக் காய்ச்சல் வந்துச்சு, அவங்க பிள்ளைங்கள்ல அநேகம் பேர் நல்லாத்தான் இருக்காங்க. பரம்பரையும் இருக்கலாம், பிறப்புக்கு முன்னாடி மூளை வளர்ற விதமும் இருக்கலாம், நமக்கு இன்னும் புரியாததும் இருக்கலாம். ஆனா நீங்க அவனை எப்படி வளர்த்தீங்கன்னு அந்தப் படத்துல எங்கயும் இல்ல. உங்ககிட்ட அன்னிக்குச் சொன்னதுக்கு யார்கிட்டயும் ஒரு ஆதாரமும் இருந்ததில்ல"ன்னாங்க. "தெரியாது"ன்னு ஒரு டாக்டர் வாயால கேட்டது அதுதான் முதல் தடவை. அதனாலதான் மீதியை நம்பினேன்.

நேத்து லூலியோவுல, உன் மாதிரி பிள்ளைங்க இருக்கற குடும்பங்க கூடுற ஒரு கூட்டம். பேப்பர்ல பார்த்து பஸ் ஏறிட்டேன். தேவாலயத்துக் கூடத்துல மடக்கு நாற்காலி போட்டு, காபி, இலவங்கப்பட்டை ரொட்டி எல்லாம் வெச்சிருந்தாங்க. பாதிக்கு மேல என் வயசுப் பொம்பளைங்க. யாரும் யார் முகத்தையும் பார்க்கல. தலைவர் பொதுப்படையா பேசிக்கிட்டிருந்தார், அரசாங்கம், திட்டம்னு. நான் கையைத் தூக்கிட்டேன்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்"னேன். எழுந்து நின்னேன். "எழுபதாம் வருஷம் ஒரு டாக்டர் என்னாலதான் என் பையனுக்கு இது வந்துச்சுன்னார். வராதேன்னார். நான் வராம இருந்தேன். இங்க வேற யாருக்காவது அப்படிச் சொன்னாங்களா?"

தலைவர் கண்ணாடியைத் துடைக்கறார். தப்பா வாயைத் திறந்துட்டோம், உட்கார்ந்துடலாம்னு நினைச்சேன். அப்ப ஜன்னல் பக்கம் ஒரு கை மேல போச்சு. தோள் உயரத்துக்குத்தான், ஓட்டுப் போடத் தயங்கற மாதிரி. அப்புறம் பின்னால ஒண்ணு. அப்புறம் என் பக்கத்துல இருந்தவ, ரொட்டி கையோட தூக்கினா. திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அர்விட். அந்தக் கூடத்துல கை தூக்காத அம்மாக்களை எண்ணறது சுலபம்.

ஜன்னல் பக்கத்துக்காரி காபி நேரத்துல வந்தா. என்னைவிட மூத்தவ. பொண்ணு தெற்கே எங்கயோ ஒரு விடுதியில இருக்காளாம். "நான் இப்ப போனா அவ என்னைச் சேர்த்துக்குவாளா?"ன்னு கேட்டா. எனக்கு எப்படித் தெரியும்?

"தெரியாது"ன்னேன். "என்னைப் பார்த்ததும் என் பையன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான், ரெண்டு நாள். மூணாம் நாள் என் ரொட்டியில பாதியைப் பிச்சுக்கிட்டான். யார்கிட்டயும் கேக்காதே. போ."

ராத்திரி லூலியோவுலயே தங்கி, இன்னிக்குக் காலையில அவளை அங்க ரயில் ஏத்திவிட்டுட்டு, வீடு வந்து சேர்ந்ததும் இதை எழுதறேன். பொண்ணைப் பார்க்கப் போறா. பெட்டியை நான்தான் தூக்கி உள்ள வெச்சேன்.

அம்மா